மணம் தெரியாதவள் செய்த இனிப்பு

1987ஆம் ஆண்டு, சிட்னியில் பொண்டாய் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் நடந்தது இது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு அது இரண்டாவது வருடம். கணவருக்கு ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. எனக்கு இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை. இப்போது சிட்னியின் மேற்கே, தமிழர் நிறைந்த நார்த்மீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனையை வைத்தே அன்றைக்கு அங்கே என்ன கறி என்று சொல்லிவிடுவேன். பொண்டாயில் அப்படி இல்லை. பகல் முழுவதும் நானும் கடல் காற்றும்தான்.

எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவளுடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மரியாதைக்கு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். யூதப் பெண். அப்பாவும் அம்மாவும் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் போலந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அப்பா முதலிலேயே போய்விட்டார். அம்மாவும் மகளுமாக அந்த வீட்டில் இருந்தார்கள். நாங்கள் குடிவருவதற்குச் சற்று முன்னர்தான் அம்மாவும் காலமாகியிருந்தார். ஆகவே அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இது பின்னால் எனக்குப் பெரிய தலையிடியாக வந்து முடிந்தது.

அவளோடு பழக்கம் ஏற்பட்ட விதமே கொஞ்சம் பயங்கரமானது. ஒருநாள் மத்தியானம் கடைக்குப் போய்விட்டுப் படியேறி வருகிறேன், நடைபாதை முழுக்க காஸ் நாற்றம். அவளுடைய கதவைத் தட்டினேன். சிரித்த முகத்துடன் திறந்தாள். உள்ளே நாற்றம் முகத்தில் அடித்தது. அடுப்பில் சூப் பானை இருந்தது, அடியில் நெருப்பு இல்லை. யன்னல் காற்றில் அணைந்திருக்க வேண்டும். அவளோ அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பாய்ந்துபோய் அடுப்பை மூடி, மிச்ச யன்னல்களையும் திறந்து, அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அவளுடைய வீட்டுக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்ததே அந்த வேகத்தில்தான்.

படியில் இருந்தபோதுதான் சொன்னாள். அம்மாவின் செத்தவீடு முடிந்த சில மாதங்களில் அவளுக்கு ஒரு கார் விபத்து. தலையின் பின்பக்கம் அடி. காயம் ஆறிவிட்டது, மணம் மட்டும் திரும்பி வரவில்லை. பூவும் ஒன்றுதான், கருகிய பாலும் ஒன்றுதான். நாக்குக்கு இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், உப்பு தெரியும். ஆனால் அப்பிளையும் வெங்காயத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எது எதுவென்று தெரியாது. ஒருவருக்கும் சொல்லவில்லையாம். ஏன் என்று கேட்டேன். பாவம் என்று பார்ப்பார்கள், அதோடு தனியாக இருக்கக்கூடாது என்று வீட்டை விற்கச் சொல்வார்கள் என்றாள். அவள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகவே படிந்துபோயிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அதன் பிறகு நான் அவளுடைய மூக்காகிவிட்டேன். பால் புளித்துவிட்டதா, குளிர்பெட்டிக்குள் இருக்கும் மீன் நல்லதா என்று போத்தலும் தட்டுமாகக் கதவைத் தட்டுவாள். நான் சைவம். பொரித்த மீன் மணத்தாலேயே வீடு மாறியவர்களின் பரம்பரை. அப்படிப்பட்ட என்னிடம் மீனைக் கொண்டுவந்து மணந்து பார் என்பாள். மூக்கைப் பொத்தாமல் மணப்பதற்கு நான் பட்ட பாட்டைக் கணவர் தூர நின்று ரசிப்பார்.

மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் வந்து கதிரையில் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், மெல்பேர்னில். அம்மா நோயாகக் கிடந்த கடைசிக் காலத்தில் மெல்பேர்னுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டிருக்கிறார். பயணம் தாங்காது என்று இவள் விடவில்லை. அவர் புறப்பட்டு வருவதற்குள் அம்மா போய்விட்டார். செத்தவீட்டில், ஆட்களுக்கு நடுவில், அம்மாவை நீயே வைத்துக்கொண்டாய் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பிறகு கடிதமும் இல்லை, டெலிபோனும் இல்லை. இப்போது திடீரென்று பெசாக் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பெசாக் என்பது அவர்களுடைய முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுபட்டதை நினைக்கும் பண்டிகை. முதல் நாள் மாலை எல்லாரும் மேசையைச் சுற்றியிருந்து அந்தக் கதையை வாசித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பொருளைச் சாப்பிட வேண்டும். அதில் ஒன்று ஹரோசெட். அப்பிள், வால்நட் பருப்பு, கறுவாப்பட்டைத் தூள், தேன், சிவப்பு வைன் சேர்த்துப் பிசைகிற ஒரு இனிப்பு. அடிமைகளாகச் செங்கல் அறுத்தபோது குழைத்த சேற்றுக்கு அடையாளமாம். பட்ட துன்பத்தை இனிப்பாக்கிச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள்.

பிறகு அவள் வந்த காரணத்தைச் சொன்னாள்.

"அம்மாவை நான் மட்டும் வைச்சுக்கொண்டிட்டன் எண்டு சொன்னவன். அம்மாட்டயிருந்து எனக்கு வந்தது இது ஒண்டுதான். அவன்ர பங்கை நான் குடுக்கவேணும். ஆனா நான் செய்யிறது அம்மாவின்ர மாதிரி வந்திருக்கோ, வெறும் சேறோ எண்டு எனக்கே தெரியாது."

நான் உடனே சரி என்றேன். அவளுக்காக மட்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களில், சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து எனக்குக் கடிதம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறா என்றுகூடத் தெரியாது. இரவுகளில் அம்மாவின் குரலை நினைத்துப் பார்ப்பேன். சில நேரம் அது சரியாக வராது, பயந்துபோவேன். அம்மாவிடமிருந்து ஒரு சுவையாவது கையில் இருக்கிறதே என்று அவள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பு ஒத்திகை பார்ப்பதென்று முடிவாயிற்று. அவளுடைய குசினிக்குள் போனால் எனக்கு வீட்டுக்குப் போன மாதிரியே இருந்தது. பண்டிகை வாரத்தில் வீட்டில் இருக்கக்கூடாத பாண், மா, அரிசி, பருப்பு எல்லாம் வெளியே போய்விட்டன. தட்டு, கரண்டி, கத்தி எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை அலுமாரிக்கு மேலிருந்து இறக்குகிற தனிப் பெட்டியிலிருந்து வந்தவை. எங்கள் ஊரில் மீன், இறைச்சி சமைக்கிற வீடுகளில் மச்சச் சட்டி வேறு, விரதச் சட்டி வேறு. மாறி எடுத்தால் அன்றைக்கு வீடு இரண்டாகும். இதைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உலகத்தில் தங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்திருந்தாளாம்.

வைன் போத்தலை மட்டும் என்னைத் தொட விடவில்லை. வேற்று மதத்தார் கை படக்கூடாது என்பது அம்மா காத்த வழக்கமாம். சொல்லும்போது அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஊரில் யாரை எந்த வாசலோடு நிறுத்தினோம், யாருக்குத் தனிப் பேணியில் தண்ணீர் கொடுத்தோம் என்று நினைத்தால், கோபப்பட எனக்கு வாய் ஏது?

பருப்பு வேலையை என்னிடம் விட்டுவிட்டு அவள் கடைக்குப் போனாள். மேசையில் ஒரு கிண்ணம் வால்நட். நான் என் வாழ்க்கையில் அதற்கு முன் வால்நட்டைத் தொட்டதில்லை. எடுத்துக் கடித்தேன், தோல் நாக்கைப் பிடித்தது. சே, இதையா இனிப்பில் போடுவது என்று நினைத்தேன். பாதாம் பருப்பென்றால் வெந்நீரில் போட்டுத் தோல் உரிப்போம். உளுந்தென்றால் கோது போகும்வரை அலசி அலசிக் கழுவுவோம். உளுந்து எவ்வளவு வெள்ளையோ, வீட்டுக்காரிக்கு அவ்வளவு பெயர். எனவே வெந்நீரை ஊற்றி ஊறவைத்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நகத்தை விட்டுத் தோலை உரித்தேன். அது பாதாம் மாதிரி வழுக்கிக்கொண்டு வராது. கழுத்து நொந்துபோயிற்று. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன். அவள் வந்தபோது கிண்ணத்தில் பருப்பு மல்லிகைப்பூப்போல இருந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறாய் என்று மட்டும் சொன்னாள். நான் பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பிளைச் சிறிது சிறிதாக அரிந்தோம். பருப்பைக் கொத்தினோம். கறுவாத் தூள், தேன். அவள் வைனை ஊற்றிக் கிளறி, ஒரு கரண்டி எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் இரண்டடி பின்னுக்குப் போனேன்.

இந்த இடத்தை விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் விசேஷத்துக்குச் சமைப்பதைப் படைக்கும்வரை ஒருவரும் வாயில் வைக்க மாட்டோம். உப்புப் பார்ப்பதும் இல்லை. பொங்கலோ மோதகமோ, எல்லாம் கையளவும் கண்ணளவும்தான். சின்ன வயதில் மோதகத்துக்கு வைத்த பயறு உள்ளீட்டை நக்கி அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். பண்டிகைப் பண்டம் என்று தெரிந்தபின் என் வாய் தானாகவே மூடிக்கொள்ளும். போதாக்குறைக்கு இதில் வைன் வேறு. மணம் பார்த்துச் சொல்வேன், சுவைக்க மட்டும் கேட்காதே என்றேன். படைக்கமுன்னம் நாங்கள் வாயில் வைக்க மாட்டோம் என்று காரணத்தையும் சொன்னேன்.

அவள் கரண்டியை இறக்கவே இல்லை.

"எங்கட கடவுள் சாப்பிடமாட்டார். எங்களைச் சாப்பிடச் சொல்லிப்போட்டுப் பாத்துக்கொண்டிருப்பார். சாப்பிடப்போறது என்ர அண்ணன்தான். வாயைத் திற."

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாயைத் திறந்தேன். நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. எனக்கு ஒரே குறை ஏலக்காய் இல்லை என்பதுதான், அதைப் போடவா என்று கை துருதுருத்தது. நல்ல இனிப்பு, நல்ல மணம் என்று சொன்னேன். அவளும் ஒரு கரண்டி வாயில் போட்டாள். மென்றாள். தலையை ஆட்டினாள், இல்லை என்று.

என்ன இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இனிப்புக் காணாதா? இல்லை. புளிப்பா? இல்லை. கறுவாவைக் கூட்டினோம், தேனைக் குறைத்தோம், இன்னும் கொஞ்சம் வைன், இன்னொரு அப்பிள். ஒவ்வொரு தடவையும் நான் சுவைத்து, அவள் சுவைத்து, இல்லை. அம்மா செய்தது கடைசியில் வாயில் நிற்கும், இது வாயைவிட்டு ஓடிவிடுகிறது என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மணமே தெரியாதவள், கண்ணை மூடினால் அப்பிளா வெங்காயமா என்று தெரியாதவள், நல்லாயிருக்கிறது என்று நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாளே. அம்மாவை நினைத்துத் துக்கத்தில் இருக்கிறாள், இவளுக்கு எதைக் கொடுத்தாலும் அம்மாவின் மாதிரி வராது என்று எனக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். போதும், நீ போய்ப் படு, களைத்துவிட்டாய் என்று அவளே அனுப்பிவைத்தாள்.

கணவர் வேலையால் வந்து கதவைத் திறந்தவர், மூக்கைச் சுருக்கினார்.

"என்னப்பா, கள்ளுத் தவறணைப் பக்கம் போட்டு வாறீரோ?"

நான் சிரிக்கவில்லை. வைனை நக்கி ஆசாரத்தைக் கெடுத்ததும் மிச்சம், அவளுக்கு உதவவும் முடியவில்லை என்ற கவலை. நடந்ததைச் சொன்னேன். அவர் மருத்துவம் தெரிந்தவர்போல, மணம் போனவர்களுக்கு நாக்கு பாதிதான் வேலை செய்யும், அவ சொல்லுவதைப் பெரிதாக எடுக்காதேயும் என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

பண்டிகை நாள் வந்தது. அந்த வருடம் எங்கள் சித்திரை வருடப்பிறப்பும் அதை ஒட்டியே வந்தது. அவர்களுக்கு அன்று மாலை, எங்களுக்கு மறுநாள். காலையில் நான் பலகாரச் சிந்தனையோடு கணவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். தேயிலையை வடிக்க மறந்து வேறு வேலை பார்த்திருக்கிறேன். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கயர்க்குதப்பா. கனநேரம் ஊறவிட்டிட்டீர் போல."

பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கையும் கன்னத்தையும் ஒரு பிடி பிடிக்குமே, அந்தத் துவர்ப்பைத்தான் நாங்கள் கயர் என்போம். நான் அவருடைய கோப்பையைப் பார்த்தேன். அதே நிறம். தொட்டியில் ஊற்றிய தண்ணீரின் நிறம். வால்நட் தோலைக் கடித்தபோது நாக்கைப் பிடித்தது ஞாபகம் வந்தது. கடைசியில் வாயில் நிற்பது என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடிக்கிற பிடியை உணர மூக்கு எதற்கு? அவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதற்குப் பெயர் சொல்லத்தான் தெரியவில்லை. அதை நகத்தால் சுரண்டி எறிந்தவள் நான். எறிந்துவிட்டு, உனக்குச் சுவை தெரியாது என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதினேன்.

உடுத்த உடுப்போடு ஓடிப்போய் எதிர்க் கதவைத் தட்டினேன். அம்மா வால்நட் தோலை உரிப்பாவா என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். இல்லை, யாரும் உரிக்க மாட்டார்கள், உங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்தேன், அவ்வளவு பாடுபட்டு உரித்து வைத்திருந்தாய், எப்படிச் சொல்வது என்றாள். தன் அண்ணனுக்கும் தனக்கும் நடுவில் கிடந்த ஒரே நூலை என் மனம் நோகக்கூடாது என்பதற்காகப் பேசாமல் விட்டிருக்கிறாள். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. அவளோ உள்ளே போய்ப் பருப்பு மிச்சம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கிவிட்டாள்.

பருப்பு மிச்சம் இருந்தது. அண்ணனின் விமானம் பின்னேரம். இருவரும் மறுபடி அப்பிள் அரிந்தோம். இந்தத் தடவை நான் எதையும் உரிக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. தோலோடு கொத்தியதும் நிறம் மாறிவிட்டது, சேற்று நிறம். கறுவாவும் வைனும் எவ்வளவு என்பதில் மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீதான் சொல்ல வேண்டும் என்று ஒதுங்கி நின்றாள். அவளுடைய அம்மாவை அறியாத நான், எந்தச் சுவையைத் தேடுவது? ஒன்றும் தனியாகத் தலையை நீட்டக்கூடாது, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்க வேண்டும் என்று எங்கள் அம்மா தேங்காய்ப்பால் சொதிக்குச் சொல்வா. அதையே அளவாக வைத்துக்கொண்டேன். பிள்ளையாரிடம் இந்த முறை அனுமதிகூடக் கேட்கவில்லை. கடைசிக் கரண்டியை அவள் வாயில் போட்டாள். மென்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஓம் என்றாள். அதுதான் என்றாளா, கிட்ட வந்துவிட்டது என்றாளா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் இருவரையும் மாலைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். மேசையில் நான்கே பேர். அண்ணன் உயரமான மனிதர், நரைத்த மீசை. தங்கையின் கன்னத்தில் ஒப்புக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, என் கணவரோடு கிரிக்கெட் பற்றிப் பேசத் தொடங்கியவர், அதைவிட்டு நகரவில்லை. தங்கை ஏதாவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். அவள் வைத்த தட்டையே மறுபடி எடுத்து நேராக வைத்தாள்.

கதை வாசிக்கிற சடங்கில் மேசையிலேயே இளையவர்தான் கேள்விகள் கேட்க வேண்டுமாம். அந்த மேசையில் இளையவள் நான். மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது என்று என் யாழ்ப்பாண ஆங்கிலத்தில் நான் வாசித்தேன். அண்ணன் முதல்தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அவர் பதிலை வாசித்தார். அடிமைகளாக இருந்தோம் என்று தொடங்கியது அது. வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்களின் கதை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார், நானும் ஊரில் இருப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அடிமை வாழ்வின் கசப்பைச் சாப்பிட வேண்டிய கட்டம். முள்ளங்கி இனத்தில் ஒரு வேர், அதைத் துருவி வைத்திருந்தாள். மூக்கில் ஏறினால் உச்சிவரை எரியும் காரம். மட்சா என்கிற புளிக்காத ரொட்டித் துண்டில் அந்த வேரையும் கொஞ்சம் ஹரோசெட்டையும் சேர்த்து வைத்து எல்லாரும் ஒன்றாகக் கடித்தோம். நால்வருக்கும் கண்ணில் தண்ணீர். மணம் தெரியாத அவளுக்குக்கூட. என் கணவர் தண்ணீர்க் குவளையைத் தேடினார். அண்ணனின் கண்ணிலும் தண்ணீர். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான், போயிற்று என்று நான் நினைத்தேன்.

பிறகு அவர் இன்னொரு துண்டு ரொட்டியை முறித்தார். அந்த வேரைத் தொடவில்லை. ஹரோசெட்டை மட்டும் அள்ளி வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். மென்றுகொண்டே வெறும் சுவரைப் பார்த்தார். அவருடைய கண்கள் மறுபடி நிறைந்தன, இந்தத் தடவை அவர் துடைக்கவில்லை. தங்கள் அம்மாவின் மொழியில் ஏதோ சொன்னார், இரண்டு சொல்தான் இருக்கும். அவளும் அதே மொழியில் ஏதோ சொன்னாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓரத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டார். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனபோது அவளைக் கேட்டேன், அண்ணன் என்ன சொன்னார் என்று. அதை அவள் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

"எனக்கு அப்பிளும் தெரியேல்லை, கறுவாவும் தெரியேல்லை. அவன்ர முகத்தைப் பாத்தன். அதில அம்மாவின்ர கை தெரிஞ்சுது."

மறுநாள் வருடப்பிறப்பு. பொங்கலும் வடையும் அந்த வீட்டுக்குள் போக முடியாத வாரம் என்பதால் பழத்தட்டோடு போனேன். கதவைத் திறந்தவர் அண்ணன். அன்று காலையே திரும்புவதாக இருந்தவர் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டார். இரவு அவள் மணம் போன கதையையும் சொல்லிவிட்டாளாம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு நல்ல ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஏச்சைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை அன்றுதான் நான் பார்த்தேன். சில வருடங்களின் பின் அவள் மெல்பேர்னுக்கே, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனாள். மணம் கடைசிவரை திரும்பவில்லை. பெசாக் வந்தால் டெலிபோன் வரும். இந்த வருடமும் தோலோடுதான் போட்டோம் என்று என்னைச் சீண்டுவதற்காகவே எடுப்பாள்.

எங்கள் அம்மாவின் செய்தி அந்த வருடக் கடைசியில் வந்தது. உயிரோடு இருந்தா. ஆனால் அம்மா கையால் மறுபடி சாப்பிட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் ஊருக்குப் போகக்கூடிய காலம் வருவதற்குள் அம்மா போய்விட்டா. கனடாவுக்குப் போன என் தம்பி, 2005ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன், நார்த்மீட்டுக்கு வந்து எங்களோடு நின்றான். ஊரைவிட்டுப் புறப்பட்ட பிறகு அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் இருந்தது அன்றுதான். அம்மா வைக்கிற கத்தரிக்காய்ப் பால்கறியை வைத்தேன். எப்படி வந்திருக்கிறது என்று நான் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அவனுக்குப் பரிமாறிவிட்டு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். முதல் வாய் உள்ளே போனதும் அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

நம்மைவிட்டுப் போனவர்களின் கை, அவர்கள் சமைத்ததைப் பழகியவர்களின் முகத்தில்தான் இன்னும் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவாவது, கோபித்துக்கொண்டு போன கூடப்பிறந்தவர்களை ஒருமுறை சாப்பிட அழைத்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.